மூன்றாவது முத்திரை

எங்கள் பள்ளிக்கூடத்தில் மாடிப்படி ஏறும் இடத்தில் ஒரு பெரிய டிவி மாட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தயாரித்த பத்து நிமிடச் செய்தி அதில் ஓடும். அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். கால அட்டவணையில் ‘ஊடகக் கல்வி’ என்று அழகாகப் போட்டிருக்கிறது. பிள்ளைகள் ‘ஃபோன் பீரியட்’ என்றுதான் சொல்வார்கள். மற்ற வகுப்புகளில் ஃபோனைப் பிடுங்கி மேசைக்குள் வைப்பார்கள், என் வகுப்பில் எடுத்துப் பார்க்கச் சொல்வேன் என்பதால் எனக்குக் கொஞ்சம் செல்வாக்கு உண்டு. அதை நானே கெடுத்துக்கொள்வதும் உண்டு. எனக்குப் பொறுமை குறைவு, வாய் அதிகம்.

செய்தியின் கடைசிப் பகுதிக்குத்தான் கூட்டம் சேரும். அந்த வாரம் எல்லார் ஃபோனிலும் சுற்றிய ஏதாவது ஒரு படத்தையோ வீடியோவையோ எடுத்து, துருவித் துருவி ஆராய்ந்து, முடிவில் திரையில் ஒரு முத்திரை குத்துவோம். உண்மை, பொய், இன்னும் தெரியவில்லை என்று மூன்று முத்திரைகள். முதல் இரண்டில் எது விழுந்தாலும் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் கைதட்டும். மூன்றாவது விழுந்தால் ‘ப்ச்’ என்று எழுந்து போய்விடும். அதனால் என் பிள்ளைகளுக்கு அந்த மூன்றாவதைக் கண்டாலே ஆகாது.

தலைதலையாக அடித்துக்கொண்டு அவர்களுக்குச் சில பழக்கங்களை ஏற்றி வைத்திருக்கிறேன். படத்தின் நடுவை ஊரே பார்க்கும், நீ ஓரத்தைப் பார். சம்பந்தப்பட்டவர் இருக்கிறாரா, அவரிடமே நேரில் போய்க் கேள். யாரைப் பற்றிய செய்தியோ அவருக்கு, டிவியில் வருவதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுக் காட்டு. இந்தக் கடைசிப் பழக்கம் என் சொந்தக் கண்டுபிடிப்பு. அதில் எனக்குப் பெருமை வேறு.

பிள்ளைகளுக்குத் தலைவி ஒரு சின்னப் பெண். சிரிக்கவே மாட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை கண்ணிமைக்காமல் நிற்பாள் என்பதால் அவளுக்கு ‘நீதிபதி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கேமரா பிடிப்பவன் ஒட்டடைக்குச்சி. பன்னிரண்டு வயதுக்குள் அப்படி ஒரு உயரம்.

இனி என் தம்பியைச் சொல்ல வேண்டும். அதே பள்ளியில் பி.டி. சார் என் கூடப்பிறந்த தம்பிதான். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து அவன் ஒரு சத்தம் போட்டால் இந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளை நிற்கும். மைதானத்தைத் தாண்டிவிட்டால் வாயில் பூட்டு. சின்ன வயதில் கடையில் ஒரு பென்சில் கேட்கக்கூட என்னைத்தான் முன்னால் தள்ளுவான். பள்ளியில் சேர்க்கும்போது ‘உன் பேர் என்னப்பா?’ என்று கேட்டதற்கு, திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நான் சொன்னேன். அன்று ஆரம்பித்தது. அவனுக்குப் பசிக்கிறதா, காய்ச்சலா, எந்தப் படிப்பு பிடிக்கும், எந்த வேலைக்குப் போவான் என்று எல்லாமே வீட்டில் என் வாய் வழியாகத்தான் வெளியே வரும். வயது முப்பத்துமூன்று ஆகியும் கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய் வண்டியைத் துடைப்பான். ‘அவனுக்கு அதுல இஷ்டம் இல்லம்மா, விடு’ என்று அம்மாவிடம் சொன்னவளும் நான்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பெற்றோர் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. ஒரு மரச்சாமான் கடை. புத்தம்புது சோஃபா. அதில் என் தம்பியும் எங்கள் நூலகரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே, ‘பி.டி. சாருக்கும் லைப்ரரி மிஸ்ஸுக்கும் கல்யாணம், வீட்டுச் சாமான் வாங்குகிறார்கள், வாழ்த்துவோம்’ என்று ஒரு வரி, அதன் பின்னால் ஒரு முழம் நீளத்துக்குப் பூக்கள். முதல் மணி அடிப்பதற்குள் படம் பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றிவிட்டது. மைதானத்தில் என் தம்பியைப் பார்த்துப் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். அவன் பந்துக்குக் காற்று அடிப்பதுபோல் குனிந்தவன் நிமிரவே இல்லையாம்.

நான் நூலகத்துக்கு ஓடினேன். அவள் எங்கள் பள்ளிக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அளந்துதான் பேசுவாள், ஆனால் பேசினால் சிரிக்காமல் இருக்க முடியாது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அலமாரியைப் பார்த்தபடி, ஏற்கெனவே நேராக இருந்த புத்தகங்களை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

“முன்னாடி இருந்த ஸ்கூல்லயும் இப்படித்தான்க்கா ஆரம்பிச்சது,” என்றாள். “அங்க வேற ஒருத்தர், வேற ஒரு படம். அவரு அப்புறம் என்னைப் பாத்தாலே வேற வழியா போனாரு. நான் தப்பே பண்ணாம நான்தான் வேலைய விட்டேன். இங்கயும் அப்படி ஆகுறதுக்குள்ள, இந்த மாசக் கடைசியில நானே போயிடலாம்னு இருக்கேன்.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “நீ ஏன் போகணும்? வெள்ளிக்கிழமைக்குள்ள இது பொய்னு டிவியில போட்டு உடைக்கிறேனா இல்லையா பாரு. என் தம்பியப் பத்தி எனக்குத் தெரியாதா? அவன் மனசுல அப்படி ஒரு எண்ணமே கிடையாது. அதுக்கு நான் உத்தரவாதம்.”

அவள் கை ஒரு புத்தகத்தின் மேல் அப்படியே நின்றது. “அப்படியா,” என்றாள். குரல் இறங்கிப் போயிருந்தது. பாவம், நிம்மதியில் குரல் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஏழாம் வகுப்புக்கு ஓரத்தைப் பார்க்கச் சொல்லித்தருகிற ஆள் நான்.

வகுப்பில் படத்தைத் திரையில் போட்டேன். “எங்க டீச்சர்னு பாக்காதீங்க. எல்லாப் படத்தையும் எப்படிப் பாப்பீங்களோ அப்படிப் பாருங்க,” என்றேன். பத்து நிமிடம் படத்தை இஞ்ச் இஞ்ச்சாகத் துருவினார்கள். பிறகு நீதிபதி எழுந்தாள்.

“படம் ரொம்ப ஒல்லியா இருக்கு மிஸ். ஃபோன்ல எடுத்தா இப்படி வராது. யாரோ ஒரு பக்கத்த வெட்டியிருக்காங்க.”

“எந்தப் பக்கம்?”

“வலது பக்கம். சோஃபா கை இடது பக்கம் இருக்கு, வலது பக்கம் இல்ல. பாதி சோஃபாவக் காணோம்.”

“பின்னாடி ஒரு பீரோ இருக்கு மிஸ்,” என்றான் ஒட்டடைக்குச்சி. “அதுல கண்ணாடி. அதப் பெருசாக்குனா மூணாவதா ஒரு ஆள் உக்காந்திருக்காங்க.” பெரிதாக்கினான். மங்கலாக ஒரு பெண். ஒரு கை நீண்டிருக்கிறது, வாய் நன்றாகத் திறந்திருக்கிறது. “மிஸ், இது நீங்க.”

“மூஞ்சியே தெரியல. வாய் திறந்திருந்தா அது நான்தானா?”

“பெரும்பாலும் மிஸ்,” என்றாள் நீதிபதி, சிரிக்காமல்.

நான்தான். போன மாதம் நூலகத்தின் வாசிப்பு மூலைக்குத் தரையில் போட மெத்தைகள் வாங்கப் போனோம். விலை பேசுவதற்கு நான், தேர்ந்தெடுப்பதற்கு அவள், தூக்கி வண்டியில் ஏற்றுவதற்கு என் தம்பி. கால் வலிக்கிறது என்று மூன்று பேரும் அந்த சோஃபாவில் உட்கார்ந்தோம். நான் உட்கார்ந்தபடியே கடைக்காரரிடம் விலை பேசிக்கொண்டிருந்தேன். நான் பேசிய அழகைப் பார்த்துத்தான் அவர்கள் இரண்டு பேரும் அப்படிச் சிரித்திருக்கிறார்கள். யாரோ ஒரு புண்ணியவான் தூரத்திலிருந்து படம் எடுத்து, என்னை வெட்டிப் போட்டுவிட்டு, எனக்குப் பதிலாக ஒரு கல்யாணத்தை ஒட்டவைத்திருக்கிறார்.

பிள்ளைகள் துள்ளினார்கள். சந்தேகத்துக்கு இடமே இல்லாத ‘பொய்’ முத்திரை, அதுவும் மிஸ்ஸே சாட்சி! புதன்கிழமை கண்ணாடியை விளக்கும் பகுதியைப் படம் எடுத்து முடித்தார்கள். வியாழக்கிழமை பி.டி. சாரிடம் ஒரு வார்த்தை, நூலகரிடம் ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். “நீங்க போய் எடுங்க, நான் வந்துடறேன்,” என்று அனுப்பிவிட்டேன். இரண்டே இரண்டு கேள்வி, இதற்கு நான் எதற்கு?

அறைக்குத் திரும்பியபோது ஒட்டடைக்குச்சி மட்டும் கேமராவோடு உட்கார்ந்திருந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

“மூணாவது முத்திரைதான் மிஸ் விழும் போல இருக்கு. சார் ஒத்துழைக்க மாட்டேங்கிறாரு.”

“என்னடா சொல்றான் அவன்?”

கேமராவின் சின்னத் திரையில் போட்டுக் காட்டினான். மைதானத்தின் ஓரம். என் தம்பி கையில் பந்து. நீதிபதியின் குரல் கேட்கிறது.

“சார், இந்தப் படம் வெட்டப்பட்டதுன்னு நாங்க கண்டுபிடிச்சிட்டோம். உங்க கருத்து?”

“ஆமா. அக்காவும் இருந்தாங்க. மெத்தை வாங்கப் போயிருந்தோம். படம் பொய்.”

“கூட வந்த செய்தியும் பொய். அதையும் உங்க வாயால ஒரு தடவ சொல்லிடுங்க சார். எடிட் பண்ண வசதியா இருக்கும்.”

என் தம்பி பந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

“சார்?”

“அத எப்படிம்மா நான் பொய்னு சொல்றது?”

“அப்ப உண்மையா சார்?”

“உண்மைன்னும் சொல்ல முடியாது. அவங்ககிட்ட நான் ஒண்ணுமே கேட்டதில்லையே.”

“கேக்கணும்னு இருக்கா சார்?”

அவன் சட்டென்று பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். யாரைத் தேடுகிறான் என்று உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அந்தப் பார்வையை நான் முப்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். பென்சில் கடையில், பள்ளிக்கூட ஆபீஸில், டாக்டர் முன்னால். அன்று அந்தப் பக்கம் நான் இல்லை. தலைமை ஆசிரியர் அறையில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். நீதிபதி கண்ணிமைக்காமல் நின்றிருப்பாள். அவன் திரும்பிக் கேமராவைப் பார்த்தான்.

“இருக்கு,” என்றான்.

“எவ்ளோ நாளா சார்?”

“அவங்க இங்க வந்ததுல இருந்து.”

“நன்றி சார்.”

அவ்வளவுதான் வீடியோ. இரண்டு வருடம்! ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு! அவன் மனசு எனக்கு உள்ளங்கை மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவளுக்கு, ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. அழுகை வந்தது, அதோடு அவனை நாலு சாத்து சாத்த வேண்டும் போலவும் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது.

“நீதிபதி எங்கடா?”

“லைப்ரரில மிஸ். டேப்லட்ல ஏத்தி எடுத்துட்டுப் போயிருக்கா.”

“எதை?”

“இதத்தான் மிஸ். லைப்ரரி மிஸ்ஸும் சம்பந்தப்பட்டவங்கதானே. டிவில வர்றதுக்கு முன்னாடி போட்டுக் காட்டணும்ல. உங்க ரூல்.”

நான் கடைசியாக எப்போது ஓடினேன் என்று நினைவில்லை. அன்று ஓடினேன். ஒட்டடைக்குச்சி இரண்டு எட்டில் என்னைத் தாண்டிவிட்டான்.

நூலகத்தில், நாங்கள் வாங்கிய மெத்தைகளில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். நூலகரின் மேசைமேல் டேப்லட் புத்தகங்களின் மேல் சாய்ந்து நின்றது. பக்கத்தில் நீதிபதி, கையில் மைக்.

“அதப் பாக்காதம்மா,” என்றேன் மூச்சு வாங்க. “பிள்ளைங்க தெரியாம...”

“பாத்துட்டேன்க்கா.”

“மிஸ், உங்க கருத்து?” என்று நீதிபதி மைக்கை நீட்டினாள். அந்த நிமிடம் அவள் காதைத் திருகினால் தேவலை என்று இருந்தது. ஆனால் அவள் செய்தது அத்தனையும் நான் சொல்லித்தந்தது.

“இன்னொரு தடவ போடு,” என்றாள் நூலகர்.

போட்டாள். ‘இருக்கு’ என்று அவன் சொன்ன இடத்தில் நூலகர் விரலை வைத்து நிறுத்தினாள். திரையில் என் தம்பி கேமராவைப் பார்த்தபடி நின்றான். அவள் அவனையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“செவ்வாய்க்கிழமை என்கிட்ட என்னக்கா சொன்னீங்க?”

“என்ன சொன்னேன்?”

“அவர் மனசுல அப்படி ஒரு எண்ணமே கிடையாது, அதுக்கு நீங்க உத்தரவாதம்னு.”

“சொன்னேன்.”

“அவரக் கேட்டுட்டுச் சொன்னீங்களா?”

நீதிபதி என்னைப் பார்த்தாள். ஒட்டடைக்குச்சி பார்த்தான். மெத்தையில் கிடந்த நாலாம் வகுப்பும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது.

“கேக்கல,” என்றேன்.

அவள் பக்கத்தில் வந்தாள். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள். “செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போய் அழுதேன்க்கா. ஊர் பேசுதேன்னுதான் அழறேன்னு மொதல்ல நெனச்சேன். அப்புறம் யோசிச்சா, அதுக்கு இல்ல. நீங்க அவ்ளோ உறுதியா இல்லைன்னு சொன்னீங்களே, அதுக்குத்தான்.”

உடனே என் கை ஃபோனுக்குப் போனது. “இரு, இப்பவே அவனக் கூப்பிட்டு நான் சொல்லிடறேன்...”

அவள் என் ஃபோனின் மேல் கையை வைத்து மூடினாள். “வேண்டாம்க்கா. இந்த ஒரு தடவ மட்டும் நீங்க பேசாதீங்க.” நீதிபதியின் பக்கம் திரும்பி, “என் கருத்துதானே வேணும்? படம் பொய். மிச்சத்த உன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட சொல்லணும்,” என்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள்.

நூலகத்தின் ஜன்னல் மைதானத்தைப் பார்த்து இருக்கிறது. நாலாம் வகுப்பு மொத்தமும் அதில் போய் ஒட்டிக்கொண்டது. அவர்களை விலக்கிக்கொண்டு நானும் ஒட்டிக்கொண்டேன். வெயிலில் அவள் மைதானத்தின் குறுக்காக நடந்து போவது தெரிந்தது. அந்தக் கோடியில் வலையைக் கட்டிக்கொண்டிருந்த என் தம்பி அவளைப் பார்த்துவிட்டு, கட்டிய முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். ஒட்டடைக்குச்சி என் தலைக்கு மேலாகக் கேமராவைத் தூக்கினான்.

“மூடு,” என்றாள் நீதிபதி.

“ஏன்? செமையா வரும்.”

“இது நம்ம செய்தி இல்ல.” சரக்கென்று திரைச்சீலையை இழுத்து ஜன்னலை மூடிவிட்டாள். “மிஸ், நீங்களும் தள்ளுங்க.”

“நான் அவனுக்கு அக்காடி!”

“அக்காதான் மிஸ். அவங்க ரெண்டு பேர்தான் சம்பந்தப்பட்டவங்க.”

இதை நான் அவளுக்குச் சொல்லித்தந்ததே இல்லை. கேட்கத் தெரிய வேண்டும், நோண்டத் தெரிய வேண்டும் என்றெல்லாம் சொன்னேனே தவிர, எந்த இடத்தில் கண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வகுப்புகூட எடுத்ததில்லை. எனக்கே தெரியாததை எப்படி எடுப்பது? திரைச்சீலைக்கு இந்தப் பக்கம், ஒரு கூடை குழந்தைகளோடு, உள்ளே துடிக்கிற துடிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் நாளைய செய்தியைப் பேசினோம். படத்தை மட்டும் எடுத்துக்கொள்வது, வெட்டு எங்கே விழுந்தது என்று காட்டுவது, படத்துக்கு ‘பொய்’ முத்திரை, சாருடைய பேட்டியை அழித்துவிடுவது என்று முடிவானது. கண்ணாடியில் நான் வாயைத் திறந்திருக்கும் இடத்தை மட்டும் மூன்று மடங்கு பெரிதாக்கலாம் என்றான் ஒட்டடைக்குச்சி. எல்லாரும் கை தூக்கினார்கள். அந்த ஓட்டெடுப்பில் நான் தோற்றேன்.

மணி அடித்தது. நாலாம் வகுப்பு கலைந்தது. வாசலில் நிழல் விழுந்தது. என் தம்பி நின்றான். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. இரண்டு காதும் சிவந்திருந்தன. அவனுக்குப் பின்னால், கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி அவள் நின்றாள். நான் எழுந்தேன். கேட்க நூறு கேள்வி இருந்தது. ஒன்றையும் கேட்கவில்லை. நீதிபதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் ஒரு காரணம்.

“அக்கா,” என்றான். ஃபோனை என்னிடம் நீட்டினான். திரையில் அம்மாவின் நம்பர். “அம்மாகிட்ட நீயே சொல்லிடேன்.”

என் கை தானாக நீண்டது. பாதி வழியில் அதைப் பிடித்து இழுத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“உன் வாய் எங்க போச்சு? நீ சொல்லு.”

அவன் ஃபோனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அழுத்தினான். அந்தப் பக்கம் அம்மா வழக்கம்போல் ஊருக்கே கேட்கிற குரலில் பேசியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“நீயாடா? நீ ஏன்டா கூப்பிடறே? உடம்பு சரியில்லையா? அக்காகிட்ட குடு.”

அவன் என்னைப் பார்க்கவில்லை.

“அக்கா வேண்டாம்மா,” என்றான். “நான்தான் பேசணும்.”

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.